ஸ்னோவா, அமெலா, இயல்பு நிறமா? சோளப் பாம்பைத் தேர்ந்தெடுக்கும் முன் அறிய வேண்டிய மரபியல்

ஒரே ஈட்டு முட்டைகளிலிருந்து வெளிவந்த இரண்டு சோளப் பாம்புக் குஞ்சுகள் அடுத்தடுத்த பெட்டிகளில் இருப்பதாக வைத்துக்கொள்வோம். ஒன்று இளஞ்சிவப்பு ஓடிய வெள்ளை உடலும் சிவந்த கண்களும் கொண்டது; அதன் பெட்டியில் 'ஸ்னோ' என்று எழுதியிருக்கிறது. மற்றது செம்பழுப்புத் திட்டுகளும் அவற்றைச் சுற்றிக் கருங்கரையும் உடையது, காட்டில் காணும் பாம்பைப் போன்றே இருப்பது. அதன் பெட்டியில் 'இயல்பு, 66% ஹெட் அமெல், 66% ஹெட் அனெரி' என்று எழுதியிருக்கிறது (இச்சொற்களின் பொருளைக் கீழே ஒவ்வொன்றாகப் பார்ப்போம்). இவற்றில் எதை எடுப்பது என்ற கேள்விக்கு ஒரே விடை கிடையாது. ஒரு பாம்பை மட்டும் வளர்த்து அதன் அழகைக் கண்டு மகிழ நினைப்பவருக்கு ஒரு விடை. சில ஆண்டுகள் கழித்துக் குஞ்சு பொரிக்கச் செய்ய நினைப்பவருக்கு வேறொரு விடை. இரண்டையும் பிரித்துப் பார்க்காமல் பெயரையும் நிறத்தையும் மட்டும் நம்பித் தேர்வு செய்வதால்தான் பலரும் பின்னால் ஏமாற்றம் அடைகிறார்கள் என்பது என் கருத்து. மார்ஃபின், அதாவது நிற வகையின், பெயர் கண்ணுக்குத் தெரிவதை மட்டுமே சொல்கிறது; அந்தப் பாம்பு தன் மரபணுக்களில் வேறென்ன சுமக்கிறது என்பதைப் பதிவேடு மட்டுமே சொல்லும்.

நிறம் எங்கிருந்து வருகிறது

அமெரிக்க ஐக்கிய நாடுகளின் தென்கிழக்குப் பகுதியைச் சேர்ந்த, நஞ்சற்ற பாம்பு இது. அறிவியல் பெயர் பாந்தெரோஃபிஸ் கட்டாட்டஸ். வளர்ந்த பாம்பு பெரும்பாலும் 3 முதல் 5 அடி நீளம் இருக்கும். நன்கு பேணினால் 15 முதல் 20 ஆண்டுகள் வாழும். அத்தனை ஆண்டுகள் உடனிருக்கப் போகும் உயிர் என்பதால், அதன் தோலைப் புரிந்துகொள்ளச் சில நிமிடங்கள் செலவிடுவது வீண் அல்ல.

இயல்பான சோளப் பாம்பின் தோலில் மூன்று வகை நிறச் செல்கள் சேர்ந்து வேலை செய்கின்றன. கறுப்பு, பழுப்பு நிறங்களைத் தரும் மெலனினைச் சுமப்பவை ஒரு வகை. மஞ்சள், சிவப்பு நிறமிகளைச் சுமப்பவை இன்னொரு வகை. நிறமி இல்லாமல், நுண்ணிய படிகங்களால் ஒளியைத் திருப்பி அனுப்புபவை மூன்றாவது வகை. ஆரஞ்சு அல்லது பழுப்புப் பின்புலம், செந்நிறத் திட்டுகள், அவற்றின் கருங்கரை, வயிற்றில் சதுரங்கப் பலகை போன்ற கறுப்பு வெள்ளைக் கட்டங்கள் ஆகிய அனைத்தும் இம்மூன்றின் கூட்டு விளைவே. மார்ஃப் என்று நாம் அழைக்கும் நிற வேறுபாடுகளில் பெரும்பாலானவை புதிதாக ஒரு நிறத்தைச் சேர்ப்பவை அல்ல. இந்தக் கூட்டிலிருந்து ஏதோ ஒன்றை நீக்குபவை அல்லது குறைப்பவை. இதை மனத்தில் வைத்துக்கொண்டால் பெயர்களின் காடு பாதியாகக் குறைந்துவிடும்.

அமெலனிஸ்டிக், சுருக்கமாக அமெல், என்பதில் மெலனின் இல்லை. கறுப்பு முழுவதும் மறைந்து சிவப்பும் ஆரஞ்சும் வெள்ளையும் எஞ்சுகின்றன; கண்கள் சிவந்திருக்கும். 1953-ஆம் ஆண்டு வட கரோலினாவில் பிடிபட்ட ஓர் ஆண் பாம்பிலிருந்து இந்த வழி தொடங்கியது. தோல் மருத்துவரான பெர்னார்ட் பெக்டெல் அதனை இயல்பான பெண்ணுடன் சேர்த்து, அவற்றின் வாரிசுகளைக் கொண்டு இந்நிறம் ஒடுங்கு பண்பாகக் கடத்தப்படுகிறது என்பதைக் காட்டினார். வளர்ப்பில் பிறந்த முதல் அமெல் குஞ்சுகள் 1961-இல் வெளிவந்தன. அரை நூற்றாண்டுக்குப் பின், 2015-இல், ஜெனீவா பல்கலைக்கழக ஆய்வாளர்கள் அதன் மூலக்கூறுக் காரணத்தையும் கண்டறிந்தனர்: ஓசிஏ2 என்னும் மரபணுவுக்குள் இடம்பெயரும் டிஎன்ஏ துண்டு ஒன்று புகுந்து அமர்ந்திருக்கிறது. மனிதர்களில் பிறவி வெண்மையின் ஒரு வகைக்கும் இதே மரபணுவின் கோளாறுதான் காரணம்.

அனெரித்ரிஸ்டிக், அதாவது அனெரி, இதற்கு நேர் எதிரானது. சிவப்பு இல்லாததால் பாம்பு சாம்பலும் கறுப்புமாக இருக்கும். வயது ஏற ஏறக் கழுத்திலும் தாடையின் கீழும் மஞ்சள் படரும். சார்க்கோல் என்பதும் சாம்பல் நிறமே, ஆனால் அது புளோரிடாவின் பைன் தீவிலிருந்து வந்த வேறொரு மரபணு. இதில் அந்தக் கழுத்து மஞ்சள் பொதுவாகத் தோன்றுவதில்லை. ஹைப்போ என்பது கறுப்பைக் குறைக்கிறது, நீக்குவதில்லை. கேரமல் சிவப்பின் இடத்தில் மஞ்சள் கலந்த பழுப்பைக் கொண்டுவருகிறது. லாவெண்டர் இவற்றில் தனித்து நிற்பது. சாம்பலில் ஊதாவும் இளஞ்சிவப்பும் கலந்தது போன்ற அதன் நிறத்துக்கு எல்ஒய்எஸ்டி என்ற மரபணுவின் மாற்றமே காரணம் என்று ஜெனீவாக் குழுவினர் 2020-இல் காட்டினர். அந்த மாற்றம் மூன்று வகை நிறச் செல்களையும் தொடுவதால்தான், ஒரு நிறத்தை மட்டும் உருவி எடுத்தது போல அல்லாமல், முழுத் தோலையும் நீர் விட்டுக் கரைத்தது போன்ற தோற்றம் அதற்கு வருகிறது.

மேலே சொன்ன ஆறும் ஒடுங்கு பண்புகள். ஒவ்வொரு மரபணுவிலும் தாயிடமிருந்து ஒரு பிரதி, தந்தையிடமிருந்து ஒரு பிரதி என இரண்டு பாம்புக்கு உண்டு. இரண்டுமே மாறிய பிரதிகளாக இருந்தால்தான் நிறம் வெளியே தெரியும். ஒன்று மட்டும் மாறியிருந்தால் பாம்பு இயல்பாகவே தோன்றும், ஆனால் அந்தப் பிரதியைத் தன் குஞ்சுகளில் ஏறக்குறைய பாதிக்குக் கடத்தும். இப்படிச் சுமக்கும் பாம்பைத்தான் 'ஹெட்' என்கிறார்கள். நம் பள்ளிப் பாடநூல்கள் 'மாறுபட்ட பண்பிணைவு' என்று எழுதுவது இதனையே.

ஒரு பாம்பு போதும் என்பவருக்கு

இவ்வகை வாசகருக்கு என் பரிந்துரை எளிமையானது. ஹெட் பட்டியலைப் பொருட்படுத்த வேண்டாம். அதற்காகக் கூடுதல் விலை கொடுக்கவும் வேண்டாம். கண்ணுக்குத் தெரியாத மரபணு, குஞ்சு பொரிக்கச் செய்யாதவருக்கு எந்தப் பயனையும் தராது. நிறத்தையும், அதைவிட முக்கியமாகக் குஞ்சு தொடர்ந்து இரை எடுக்கிறதா என்பதையும் பார்த்தால் போதும். எத்தனை முறை உண்டது, எதை உண்டது, எத்தனை முறை தோல் உரித்தது என்ற குறிப்பு ஒரு குஞ்சைப் பற்றிச் சொல்லும் அளவுக்கு எந்த மார்ஃப் பெயரும் சொல்லாது.

நிறங்களை ஒப்பிடும்போது குஞ்சின் நிறம் வளர்ந்த பாம்பின் நிறம் அல்ல என்பதை மறந்துவிடக் கூடாது. அமெல் இந்த வகையில் மிகவும் நம்பத்தக்கது. குஞ்சிலேயே அடையாளம் ஐயமறத் தெரியும், வளர வளரப் பின்புலம் ஆரஞ்சாக ஆழமாகும். அனெரிக் குஞ்சும் லாவெண்டர் குஞ்சும் பொரித்த புதிதில் ஒன்றைப் போல ஒன்று இருக்கும். பழகிய கண்ணுக்கே சில வேளை தடுமாற்றம் வரும். ஹைப்போவை இயல்பிலிருந்து பிரிப்பது குஞ்சில் இன்னும் கடினம். ஸ்னோ என்பது அமெலும் அனெரியும் ஒரே பாம்பில் சேர்ந்தது. கறுப்பும் இல்லை, சிவப்பும் இல்லை, ஆகவே குஞ்சில் ஏறக்குறைய வெள்ளை. ஆனால் அனெரியின் கழுத்து மஞ்சள் இதிலும் வரும் என்பதால், தூய வெண்மையை விரும்பி ஸ்னோ வாங்கியவர் மூன்றாம் ஆண்டில் மஞ்சள் பூசிய கழுத்தைக் காண்பார். எனக்கு அந்த மஞ்சள் பிடிக்கும். பிடிக்காதவர்கள் அமெலும் சார்க்கோலும் சேர்ந்த பிளிசார்டைத் தேட வேண்டும். அதில் திட்டுகளின் சுவடே மங்கி, வெண்மை பெரும்பாலும் நிலைக்கிறது. மஞ்சளையே விரும்புபவருக்கு அமெலும் கேரமலும் சேர்ந்த பட்டர் உண்டு.

இயல்பு நிறத்தை நான் கடைசியாகச் சொல்வது அது தாழ்ந்தது என்பதற்காக அல்ல. நல்ல கருங்கரையும் ஆழ்ந்த செம்மையும் கொண்ட இயல்பான பாம்பு, தோல் உரித்த மறுநாள், எந்த மார்ஃபுக்கும் ஈடு கொடுக்கும். விலை குறைவு என்ற ஒரே காரணத்தால் அதைப் புறக்கணிப்பவர்கள் ஒரு முறை நேரில் பார்த்துவிட்டு முடிவு செய்யட்டும்.

குஞ்சு பொரிக்கச் செய்ய நினைப்பவருக்கு

இங்கேதான் கணக்கு தேவைப்படுகிறது, இங்கேதான் ஒப்பீடும் சுவையாகிறது. இலக்கு ஸ்னோ என்று வைத்துக்கொண்டு, அதை அடைய உள்ள வழிகளை எடுத்துப் பார்ப்போம்.

முதல் வழி, ஓர் அமெலையும் ஓர் அனெரியையும் வாங்கிச் சேர்ப்பது. இரண்டும் ஒன்றை ஒன்று சுமக்காதவை என்றால், பிறக்கும் குஞ்சுகள் அத்தனையும் இயல்பு நிறமே. புதியவர்கள் இங்கே மனம் உடைந்துபோவதுண்டு. ஆனால் எதுவும் தொலையவில்லை. ஒவ்வொரு குஞ்சும் அமெலுக்கும் அனெரிக்கும் உறுதியான ஹெட். அவற்றில் ஒரு பெண்ணை முட்டையிடும் பக்குவத்துக்கு வளர்க்க ஏறக்குறைய 3 ஆண்டுகள் ஆகும். அதன்பின் அந்த இரட்டை ஹெட் பாம்புகளைத் தங்களுக்குள் சேர்த்தால், பாடநூலின் இரு பண்புக் கலப்பில் வரும் 9:3:3:1 விகிதம் அப்படியே வரும். 16-இல் 9 இயல்பு, 3 அமெல், 3 அனெரி, 1 ஸ்னோ.

இந்த விகிதத்தை வாக்குறுதியாக எடுத்துக்கொள்வதுதான் நான் காணும் பொதுவான பிழை. ஓர் ஈட்டில் 10 முதல் 30 முட்டைகள் வரை வரக்கூடும். சரியாக 16 குஞ்சுகள் பொரித்தால் ஒரு ஸ்னோ கட்டாயம் இருக்கும் என்று பலரும் எண்ணுகிறார்கள். ஒவ்வொரு குஞ்சும் ஸ்னோவாக இல்லாமல் போகும் வாய்ப்பு 15/16. 16 குஞ்சுகளும் அப்படியே அமையும் வாய்ப்பைக் கணக்கிட்டால் ஏறக்குறைய 36 விழுக்காடு வரும். அதாவது மூன்று ஈடுகளில் ஒன்றுக்குமேல் ஒரு ஸ்னோகூட இல்லாமல் முடியும். முட்டை பொரிய இரண்டு மாதம் காத்திருந்தவருக்கு இந்த எண் முன்பே தெரிந்திருக்க வேண்டும்.

இரண்டாம் வழி, அனெரிக்கு ஹெட்டான ஓர் அமெலையும், அமெலுக்கு ஹெட்டான ஓர் அனெரியையும் வாங்குவது. இவற்றின் குஞ்சுகளில் இயல்பு, அமெல், அனெரி, ஸ்னோ நான்கும் சராசரியாகக் கால் கால் பங்கு. 16 குஞ்சுகளில் நான்கு ஸ்னோவை எதிர்பார்க்கலாம். ஒன்றுமே வராமல் போகும் வாய்ப்பு ஏறக்குறைய 1 விழுக்காடு. அதைவிட எனக்குப் பெரிதாகத் தோன்றுவது, அந்த ஈட்டில் ஐயத்துக்கு இடமே இல்லாதது. இயல்பாகத் தோன்றும் குஞ்சு ஒவ்வொன்றும் இரண்டுக்கும் உறுதியான ஹெட். அமெல் ஒவ்வொன்றும் அனெரிக்கு உறுதியான ஹெட். அனெரி ஒவ்வொன்றும் அமெலுக்கு உறுதியான ஹெட். பெட்டியின் மேல் 66 என்றோ 50 என்றோ எழுத வேண்டிய தேவையே எழாது.

மூன்றாம் வழி இரண்டு ஸ்னோவைச் சேர்ப்பது. அத்தனை குஞ்சுகளும் ஸ்னோதான். உறுதி முழுமையானது, ஆனால் வகை இல்லை. மரபியலைக் கற்க விரும்புபவருக்கு அந்த ஈடு ஒன்றையும் கற்றுத் தராது. மேலும் ஸ்னோக் குஞ்சுகள் மட்டும் இருபது இருந்தால் அத்தனைக்கும் நல்ல இடம் தேடுவது எளிதல்ல.

இந்த மூன்றில் நான் இரண்டாம் வழியையே தேர்வேன். இரட்டை ஹெட் பாம்பு மலிவு என்பது உண்மைதான். ஆனால் அந்த மிச்சம், விரும்பிய நிறத்துக்காக மீண்டும் மீண்டும் ஈடு எடுக்கும்போது செலவாகிவிடும். பெண் பாம்பின் உடலை வருத்தி எடுக்கும் ஈடுகள் அவை என்பதால் இது பணக் கணக்கு மட்டுமல்ல. மூன்று ஒடுங்கு பண்புகள் சேர வேண்டிய கோரல் ஸ்னோ போன்றவற்றுக்கு, மூன்றுக்கும் ஹெட்டான இணையிலிருந்து வாய்ப்பு 64-இல் ஒன்றாகச் சுருங்குவதைப் பார்த்தால், தொடக்க இணையைக் கவனமாகத் தேர்வதன் பயன் இன்னும் தெளிவாகும்.

66 விழுக்காடு ஹெட் என்பதன் பொருள்

அந்த மரபணு பாம்பினுள் மூன்றில் இரண்டு பங்கு இருக்கிறது என்று இதற்குப் பொருள் அல்ல. ஒரு தனிப் பாம்பைப் பொறுத்தவரை அது ஹெட்டாக இருக்கும், அல்லது இருக்காது. விழுக்காடு நம் அறியாமையின் அளவே. இரண்டு ஹெட் பாம்புகளின் குஞ்சுகளில் நான்கில் ஒன்று அமெல்; எஞ்சிய மூன்று இயல்பாகத் தோன்றுபவை, அவற்றில் இரண்டு சுமப்பவை. எனவே இயல்பாகத் தோன்றும் எந்தக் குஞ்சுக்கும் மூன்றில் இரண்டு வாய்ப்பு. ஒரு ஹெட்டையும் எதுவும் சுமக்காத ஒன்றையும் சேர்த்தால் குஞ்சுகள் 50 விழுக்காடு ஹெட். பெற்றோரில் ஒன்று அமெலாகவே இருந்தால், இயல்பாகத் தோன்றும் குஞ்சுகள் 100 விழுக்காடு, அதாவது ஐயமின்றி ஹெட்.

தொடக்கத்தில் சொன்ன இரண்டாவது பெட்டிக்குத் திரும்பினால், அந்தக் குஞ்சு அமெல், அனெரி இரண்டையும் சுமக்கும் வாய்ப்பு 66 விழுக்காடு அல்ல. மூன்றில் இரண்டை மூன்றில் இரண்டால் பெருக்க, ஒன்பதில் நான்கு வரும், பாதிக்கும் குறைவு. இரண்டையுமே சுமக்காமல் இருக்கும் வாய்ப்பு ஒன்பதில் ஒன்று. இரண்டு 66-களை அருகருகே காணும் கண் இந்தப் பெருக்கலைத் தானாகச் செய்வதில்லை.

ஐயத்தைத் தீர்க்கும் பழைய முறை, சோதனைக் கலப்பு. ஐயத்துக்குரிய பெண்ணை ஓர் அமெல் ஆணுடன் சேர்க்க வேண்டும். ஓர் அமெல் குஞ்சு வந்தாலும் அந்தப் பெண் ஹெட் என்பது உறுதி. வரவில்லை என்றால் உறுதி படிப்படியாகத்தான் வளரும்: 66 விழுக்காடு ஹெட் எனப்பட்ட பெண்ணிடமிருந்து ஏழு குஞ்சுகள் பிறந்து ஏழும் இயல்பாகவே இருந்தால், அது இன்னும் ஹெட்டாக இருக்கும் வாய்ப்பு 65-இல் ஒன்று. உரித்த தோலைக் கொண்டு சில மரபணுக்களைச் சோதித்துச் சொல்லும் ஆய்வகங்களும் இப்போது உண்டு. காரணமான மாற்றம் கண்டறியப்பட்ட அமெல் போன்றவற்றுக்கு இது ஒரு பெண்ணை ஓர் ஈட்டுச் சுமையிலிருந்து காப்பாற்றுகிறது. பதிவேட்டை நம்புவதில் இன்னொரு நுணுக்கமும் உண்டு. பெண் சோளப் பாம்பு விந்தணுக்களை உடலில் சேமித்து வைக்கக்கூடியது. ஆகவே இரண்டு ஆண்களுடன் சேர்ந்த பெண்ணின் குஞ்சுகளுக்குத் தந்தை யார் என்று எழுதுபவர் எச்சரிக்கையாக எழுத வேண்டும்.

சாம்பலுக்குச் சாம்பல் பொருந்தாது

ஒரே தோற்றம் ஒரே மரபணுவைக் குறிப்பதில்லை என்பதற்கு அனெரியும் சார்க்கோலும் சிறந்த எடுத்துக்காட்டு. இரண்டும் சாம்பல், இரண்டையும் சேர்த்தால் பிறப்பவை அனைத்தும் சிவப்பு நிற இயல்புக் குஞ்சுகள். ஒவ்வொன்றும் மற்றதன் குறையை நிரப்பிவிடுகிறது. முன்பு இவற்றை 'அனெரி ஏ', 'அனெரி பி' என்று அழைத்தார்கள். அந்தப் பழைய பெயர் இரண்டும் ஒன்றின் வகைகள் என்ற எண்ணத்தைத் தந்ததால், பெயர் மாறியது நன்மையே. ஹைப்போவிலும் இதே நிலை. ஹைப்போ, சன்கிஸ்ட், லாவா மூன்றும் கறுப்பைக் குறைப்பவை, மூன்றும் வெவ்வேறு மரபணுக்கள். 'ஹைப்போ' என்று மட்டும் சொல்லி விற்கப்படும் பாம்பை எந்த ஹைப்போ என்று கேட்காமல் இணை தேடக் கூடாது.

மறுபுறம், வெவ்வேறு தோற்றம் ஒரே மரபணுவில் இருந்தும் வரலாம். அல்ட்ரா என்பது அமெலின் இடத்திலேயே அமரும் இன்னோர் அல்லீல், அதாவது அதே மரபணுவின் மாற்று வடிவம். ஒரு பிரதி அல்ட்ரா, ஒரு பிரதி அமெல் என்று அமைந்த பாம்பு இரண்டுக்கும் இடைப்பட்ட நிறத்தில் தோன்றும். அதன் பெயர் அல்ட்ராமெல். அதனை அமெலுடன் சேர்த்தால் பாதி அல்ட்ராமெல், பாதி அமெல். இயல்பு நிறம் ஒன்றுகூட வராது. அல்ட்ராவின் மூலம் சாம்பல் எலிப் பாம்புடன் நிகழ்ந்த கலப்பில் இருக்கிறது என்று வளர்ப்பாளர்கள் பலர் கருதுவதால், தூய சோளப் பாம்பு வழியைப் பேண விரும்புபவர்கள் அதனைத் தவிர்க்கிறார்கள். மோட்லியும் ஸ்டிரைப்பும் இதே போல ஓரிடத்து அல்லீல்கள். மோட்லியில் முதுகுத் திட்டுகள் சங்கிலி போல இணைந்து இடையில் வட்டங்கள் விடும். ஸ்டிரைப்பில் நீளக் கோடுகள் ஓடும். இரண்டிலும் வயிற்றுக் கட்டங்கள் மறையும். இரண்டிலும் ஒவ்வொரு பிரதி இருந்தால் பாம்பு மோட்லியைப் போன்றே பெரும்பாலும் தோன்றும்.

இவை நிறத்தை அல்லாமல் கோலத்தை மாற்றுபவை. எனவே எந்த நிறத்தோடும் சேரும். ஸ்னோ மோட்லி, லாவெண்டர் ஸ்டிரைப் என்று பெயர்கள் நீள்வது அதனால்தான். டெசெரா மட்டும் ஓங்கு பண்பு. ஒரு பிரதி போதும், கோலம் வெளியே தெரியும். ஆகவே 'டெசெராவுக்கு ஹெட்டான இயல்புப் பாம்பு' என்று ஒன்று இருக்க முடியாது. அப்படி எழுதியிருக்கும் பெட்டியைக் கண்டால் எழுதியவருக்கு மரபியல் தெரியவில்லை என்று கொள்ளலாம், அங்கிருக்கும் மற்ற பெட்டிகளின் குறிப்புகளையும் அதே அளவில் ஐயுறலாம். முதல் ஈட்டிலேயே பாதிக் குஞ்சுகளில் விளைவைக் காண விரும்பும் புதிய வளர்ப்பாளருக்கு டெசெரா நல்ல தேர்வு.

பிளட்ரெட் என்பது டிஃப்யூஸ்டு மரபணுவும் தலைமுறைகளாகத் தேர்ந்து வளர்த்த சிவப்பும் சேர்ந்தது. பக்கவாட்டுக் கோலம் கரைந்து, வயிற்றுக் கட்டங்கள் நீங்கி, வளர்ந்த பாம்பு ஒரே செம்மையாக நிற்கும். குஞ்சில் அந்தச் செம்மை இராது, சாம்பல் மேலோங்கும், பொறுமை வேண்டும். சில பிளட்ரெட் வழிகளின் குஞ்சுகள் தொடக்கத்தில் இரை எடுக்கத் தயங்குவதாகப் பெயர் பெற்றவை. முதல் பாம்பாக அதனை விரும்புபவர், பல முறை தொடர்ந்து உண்ட வளர்ந்த குஞ்சையே எடுக்க வேண்டும்.

பெயர்களில் மரபணு அல்லாதவை

ஓக்கிட்டி, மயாமி, கேண்டி கேன், சன்குளோ ஆகிய பெயர்களைத் தனி மரபணுக்கள் என்று எண்ணி ஹெட் கேட்பவர்கள் உண்டு. ஓக்கிட்டி தென் கரோலினாவின் ஜாஸ்பர் மாவட்டத்து வேட்டைக் கழக நிலத்தின் பெயரால் வந்தது. அகன்ற கருங்கரையும் ஒளிரும் ஆரஞ்சும் அதன் அடையாளம். மயாமி சாம்பல் பின்புலமும் செந்திட்டும் கொண்ட தெற்குப் புளோரிடாத் தோற்றம். இரண்டும் பல மரபணுக்களின் சிறு பங்களிப்பால் உருவானவை; எனவே 'ஹெட் ஓக்கிட்டி' என்பது பொருளற்ற சொற்றொடர். கேண்டி கேன், மயாமி வழியில் தேர்ந்தெடுத்து வளர்த்த அமெல். சன்குளோ, வெள்ளை குறையும்படி தேர்ந்தெடுத்த அமெல். மரபணுக் கணக்கில் இரண்டும் அமெல் மட்டுமே. அழகுக்காக வாங்குபவர் இவற்றுக்குக் கூடுதல் விலை தருவது நியாயம்தான். ஆனால் வேறொரு வழியோடு கலந்தால் அந்த அழகு முதல் தலைமுறையிலேயே நீர்த்துப்போகும்.

கிரீம்சிக்கிள் இன்னும் கவனிக்க வேண்டியது. அது அமெல் நிறம் கொண்ட கலப்பு. சோளப் பாம்பின் நெருங்கிய உறவான பெருஞ்சமவெளி எலிப் பாம்பின் இரத்தம் அதில் உண்டு. வளர்ப்பில் அதனால் துன்பம் ஒன்றும் இல்லை, நிறமும் இனிமையானது. அதன் குஞ்சுகளைக் கலப்பு என்று எழுதாமல் 'அமெல்' என்று எழுதி அனுப்புவதுதான் தவறு. அதன்பின் வருபவர்களுக்கு உண்மை தெரிய வழியே இராது.

தவிர்க்கச் சொல்லும் இடங்கள்

சன்கிஸ்ட் அழகான மரபணு, ஆயினும் அந்த வழிகளில்தான் ஸ்டார்கேஸர் என்னும் நரம்புக் கோளாறு முதலில் கவனத்துக்கு வந்தது. அதுவும் ஒடுங்கு பண்பு. இரண்டு பிரதிகள் பெற்ற குஞ்சு சமநிலை இழந்து, தலையை வானோக்கித் திருப்பி, கிளர்ச்சியுற்றால் உடல் புரண்டு தவிக்கும். ஒரு பிரதி மட்டும் சுமக்கும் பாம்பு முற்றிலும் நலமாகவே தோன்றுவதால், கண்ணால் பார்த்துத் தெரிந்துகொள்ள முடியாது. எனவே சன்கிஸ்ட் இரத்தம் உள்ள இணையைக் குஞ்சு பொரிக்கச் செய்ய விரும்புபவர், பெற்றோர் ஸ்டார்கேஸருக்குச் சோதிக்கப்பட்டனவா என்று கேட்க வேண்டும். தெளிவான விடை கிடைக்காவிட்டால் அந்தப் பாம்பைத் தனி வளர்ப்புக்கு மட்டும் எடுக்கலாம், இணைக்கக் கூடாது. ஹெட் பட்டியலில் ஒரு வரிகூட எழுதப்படாத மரபணுதான் இங்கே மிகுந்த துன்பம் தருவது என்பதால் இதை நான் வலியுறுத்துகிறேன்.

செதிலற்ற சோளப் பாம்பும் ஒடுங்கு பண்பே, அதன் மூலத்திலும் பெருஞ்சமவெளி எலிப் பாம்புக் கலப்பு உண்டு. வயிற்றுச் செதில்கள் பெரும்பாலும் இருக்கும். முதுகில் நிறங்கள் ஓவியம் போலத் துலங்கும். ஆனால் காப்பில்லாத தோலுக்குக் கீறலும் வறட்சியும் எளிதில் வரும். அனுபவம் இல்லாதவர் அதனை முதல் பாம்பாக எடுப்பதை நான் ஏற்கவில்லை.

ஆக, அந்த இரண்டு பெட்டிகளில் எதை எடுப்பது? ஒரே பாம்பு வளர்ப்பவராக இருந்தால், இரண்டில் எது நன்றாக உண்கிறதோ அதை எடுப்பேன். இரண்டும் உண்டால், கண் விரும்புவதை. குஞ்சு பொரிக்கச் செய்பவராக இருந்தால் ஸ்னோவையே எடுப்பேன், ஏனெனில் அதன் நான்கு பிரதிகளும் ஐயமின்றித் தெரிந்தவை. அதற்கு இணையாக இன்னொரு ஸ்னோவைத் தேடாமல், அமெலுக்கு உறுதியான ஹெட்டான ஓர் அனெரியைத் தேடுவேன். அந்த இணையில் பாதி ஸ்னோ, பாதி அனெரி பிறக்கும். அந்த அனெரிகள் ஒவ்வொன்றின் பெட்டியிலும் '100% ஹெட் அமெல்' என்று தயக்கமின்றி எழுதலாம்.